கைமாற்றாகப் போன மாத்திரைகள்

அனுப்புநர்:
கலாநிதி விதுஷா வீரய்யா,
மூலக்கூற்று உயிரியல் ஆய்வாளர்,
பசறை வீதி, பதுளை.

பெறுநர்:
மாகாணச் சுகாதாரச் சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
ஊவா மாகாணம்,
பதுளை.

விடயம்: வெள்ளிப்பாறைத் தோட்டம், கீழ்ப்பிரிவில் வசிக்கும் இரு இரத்தப் புற்றுநோயாளருக்கு உரிய மருந்து சென்றடையாதிருப்பது பற்றியும், தங்கள் உடனடித் தலையீடு வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

பலமுறை எழுதிக் கிழித்த பின் இம்மனுவைத் தங்களுக்கு அனுப்புகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். உத்தியோகபூர்வமான மனுவொன்றில் இப்படி எழுதுவது முறையல்ல என்பதை அறிவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. நான் பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். என் தகப்பனார் வீரய்யா, தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்து உழைத்தவர். நான் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். நாள் தவறாமல் மாத்திரை விழுங்கினால் மற்றவர்களைப் போல வேலைக்குப் போகலாம் என்றார்கள். போனார். பிறகு ஒரு மழைக்காலத்தில் அதே மாத்திரை வேலை செய்யாமல் போயிற்று; அவர் பிழைக்கவில்லை. ஏன் என்று கேட்டோம். சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்று பதில் வந்தது. நான் பேராதனையில் படித்ததும், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றதும், அங்கேயே இருந்துவிடு என்றவர்களின் பேச்சைக் கேளாமல் திரும்பி வந்ததும் அந்த ஓர் ‘ஏன்’ காரணமாகத்தான்.

2. புற்றுநோய்க் கலங்கள் மருந்துக்கு எப்படி எதிர்ப்புப் பெறுகின்றன என்பதே என் ஆய்வு. இதற்கு முதலில் எதிர்ப்புப் பெற்ற கலங்கள் வேண்டும். அவற்றை ஆய்வுகூடத்தில் நாங்களே உண்டாக்குவோம். முறை எளிது. கொல்லும் அளவுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. குறைத்துக் கொடுக்க வேண்டும். இடையிடையே நிறுத்தவும் வேண்டும். பெரும்பாலானவை செத்துப்போகும். எங்கோ ஒரு கலத்தின் மரபணுவில் சிறு மாற்றம், விகாரம், ஒன்று இருக்கும். அந்தக் கலம் பிழைத்துப் பெருகும். அப்புறம் முழு அளவு கொடுத்தாலும் அசையாது. இதைப் பல ஆண்டுகளாகக் கண்ணாடிக் குடுவைகளில் செய்து வருகிறேன். இதில் நான் கைதேர்ந்தவள் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வதுண்டு. அப்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

3. உரிய அனுமதிகளுடனும் நோயாளரின் சம்மதத்துடனும் இம்மாவட்டத்தில் இரத்த மாதிரிகளைச் சோதித்து வந்தேன். வெள்ளிப்பாறைக் கீழ்ப்பிரிவில் கொழுந்தெடுக்கும் கருப்பம்மா என்பவரின் இரத்தத்தில், குடுவையில் நான் உண்டாக்கிய அதே விகாரம் தெரிந்தது. அவர் விழுங்கும் மாத்திரை இனி அவருக்கு உதவாது. மாத்திரையை இடையில் விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒண்ணக்கூட நான் வீசலீங்க. அங்கம்மாகிட்ட வாங்குனதக்கூட வச்சுக்கல, திருப்பிக் குடுத்துட்டேன்” என்றார். எதைத் திருப்பிக் கொடுத்தார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் வாசற்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டறிந்தேன்.

4. அங்கம்மா அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவர். அவருக்கும் அதே நோய், அதே மாத்திரை. சில ஆண்டுகளுக்கு முன் மண்சரிவால் பாதை மூடப்பட்டபோது கருப்பம்மாவின் மாத்திரை தீர்ந்துபோயிற்று. அங்கம்மா தன்னுடையதைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார். பாதை திறந்ததும் கருப்பம்மா தன் பங்கில் பாதியை மிச்சம் பிடித்துக் கடனை அடைத்தார். அதன் பிறகு கிளினிக் நாளில் பஸ் வராவிட்டாலும், வேலையை விட்டு வர முடியாவிட்டாலும் இதுவே வழக்கமாகிவிட்டது. லயத்தில் அரிசி, சீனி, தேங்காய் எல்லாம் கைமாற்றாகப் போய் வருவதைத் தாங்கள் அறிவீர்கள். மாத்திரையும் அப்படியே போய் வந்திருக்கிறது. இதில் அலட்சியம் துளியும் இல்லை, ஐயா. நான் குடுவைக்குக் கணக்குப் பார்த்துக் குறைத்த மருந்தை இவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியத்தினால் குறைத்துக்கொண்டார்கள்.

5. என் தகப்பனாரும் யாருக்காவது கொடுத்திருப்பாரோ என்ற எண்ணம் அன்று வந்தது. கொடுத்திருப்பார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். இத்தனை ஆண்டு ஆய்வில் எந்த நோயாளரிடமும் நான் கேட்க நினைக்காத கேள்வி இது. இம்மனுவுக்கு இது அவசியமில்லை எனில் விட்டுவிடலாம். ஆனால் அந்த நினைப்பு என்னை விட்டுப் போவதில்லை.

6. என் முடிவைப் பார்த்த விசேட வைத்தியர் கருப்பம்மாவுக்கு வேறொரு மாத்திரையை எழுதிவிட்டார். அது கிளினிக்கில் அவர் பெயரில் தயாராக இருக்கிறது. புதிய மாத்திரை என்பதால் வைத்தியர் நேரில் பார்க்காமல் வேறொருவரிடம் கொடுத்தனுப்ப மாட்டார்கள். கருப்பம்மா வரவில்லை. காரணம், நான் இரத்தம் எடுத்த பிறகுதான் அவர் உடம்பு மோசமாயிற்று என்ற பேச்சு லயத்தில் பரவியிருக்கிறது. நான் எடுத்தால் மாத்திரை வேலை செய்யாது, எடுத்த இரத்தம் வெளிநாட்டுக்குப் போகிறது என்றெல்லாம் சொல்கிறார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் தோட்டக் காரியாலயம் விசாரிக்காமலே, குழப்பம் வேண்டாம் என்று என்னை உள்ளே விடக்கூடாதென வாட்சரிடம் சொல்லி வைத்திருக்கிறது. கேட்டில் நின்று கெஞ்சினேன். நானும் லயத்துப் பிள்ளைதான் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். “மேல இருந்து உத்தரவு, எங்கள மாட்டி விட்றாதீங்க” என்றார் அவர். அவருக்கும் பயம்.

7. இப்போது தங்களிடம் நான் முறையிட வந்த விடயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக்குப் போய்வரும் குடும்பநல உத்தியோகத்தர் ஷம்ரா சென்ற வாரம் என்னிடம் வந்து சொன்னார்: கருப்பம்மாவுக்கு மாத்திரை போதவில்லை போலும் என்று நினைத்து, அங்கம்மா தன் பாதியை மீண்டும் கொடுக்கத் தொடங்கிவிட்டார். கருப்பம்மாவின் உடம்பில் அந்த மாத்திரைக்கு இனி எந்த வேலையும் இல்லை. கொடுக்கும் ஒவ்வொரு பாதியும் அங்கம்மாவிடமிருந்து வீணாகப் போகிறது. ஷம்ரா எவ்வளவோ எடுத்துச் சொன்னாராம். அங்கம்மா கேட்டது இதுதான்: “அவ கண்ணு முன்னால கெடக்கையில நா மட்டும் முழுசா முழுங்கவா?”

8. அங்கம்மாவின் இரத்தம் இன்னும் சோதிக்கப்படவில்லை. அந்த விகாரம் அவருக்குள் உண்டாகிவிட்டதா, இன்னும் இல்லையா என்று எவருக்கும் தெரியாது. இல்லையென்றால் இன்றே முழு மாத்திரை விழுங்கத் தொடங்கினால் அவர் பிழைத்துக்கொள்வார். குடுவையாக இருந்தால் மருந்தின் அளவை நானே கூட்டியிருப்பேன். அங்கே நடப்பதைத் தெரிந்துகொண்டு இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசி அடித்தால் அங்கம்மாவைப் பற்றிய கெட்ட செய்தியோ என்று பயப்படுகிறேன்.

9. எனவே பின்வருவனவற்றைத் தயவுடன் வேண்டுகிறேன்:

(அ) வைத்தியர் ஒருவர் ஷம்ராவுடன் லயத்துக்கு நேரில் சென்று, புதிய மாத்திரையைக் கருப்பம்மாவிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அங்கம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். கருப்பம்மாவுக்கு மருந்து கிடைத்ததைத் தன் கண்ணால் பார்த்தால்தான் அங்கம்மா தன் மாத்திரையை முழுதாக விழுங்குவார். புத்திமதி பலிக்காது.

(ஆ) அங்கம்மாவின் இரத்தம் சோதிக்கப்பட வேண்டும். அதை யார் எடுத்தாலும் சரி.

(இ) மாத்திரை மாற்றிக்கொண்டதற்காக அவ்விருவரையும் யாரும் ஏசக் கூடாது. ஏசினால் கொடுப்பது நிற்காது. நம்மிடம் சொல்வதுதான் நிற்கும்.

என்மீதான தடையை நீக்கும்படி நான்காவதாக ஒரு கோரிக்கை எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். நான் கேட்டுக்கு வெளியே நின்றுகொள்கிறேன்.

இறுதியாக ஒன்று. இந்தப் புதிய மாத்திரை என் ஆய்வின் முடிவைக் கொண்டு தெரிவு செய்யப்பட்டது. என் தகப்பனாருக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இத்தனை காலம் உழைத்தேன். ஆயினும் லயத்துக்குச் செல்பவர்கள் இதை அங்கே சொல்லிவிட வேண்டாமெனக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் காதில் விழுந்தால் கருப்பம்மா அதை விழுங்க மாட்டார். கருப்பம்மா விழுங்காவிட்டால் அங்கம்மாவும் விழுங்க மாட்டார்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
விதுஷா வீரய்யா

இடம்: பதுளை
திகதி: 15.09.2025