பதிமூன்றாவது படம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் உன்னோடு ஊழியத்துக்கு வந்தவர்களும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை, இரண்டு படி ஏறுவாள், நின்று என்னைத் திட்டுவாள், மறுபடி ஏறுவாள். மாப்பிள்ளை வேலை முடிந்து வந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார், ஒரு குறை சொல்வதில்லை. நான்தான் வாயைக் கிளறினேன். "அவ மனசுல ஊழியம்னு இருக்கு மாமா, குறுக்க நின்னா பாவம் எனக்குத்தானே" என்றார். எனக்கு அந்தப் பயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆறு வாரம் என்று சொல்லிப் போனாய். நானும் அப்போது மார்தட்டிக்கொண்டவன்தான், கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்தவர்களிடமெல்லாம் உன் படத்தைக் காட்டினேன். ஆறு வாரம் மூன்று மாதமாயிற்று. போன ஞாயிறு ஆராதனையில் போதகர் எழுந்து, நம் சகோதரி இன்னும் ஒரு வருடம் அந்தச் சிறுபிள்ளைகளோடு இருக்கத் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று அறிவித்தார். பெற்றவனுக்கும் கட்டினவருக்கும் அப்போதுதான் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினார், வேறு என்ன செய்வார் பாவம்.

உன் பிள்ளை சுண்டுவைப் பற்றி நீ போனில் கேட்கிறாய், நல்லா இருக்கா என்கிறேன். நீ பேசும்போது உன் பின்னால் அந்தப் பிள்ளைகள் பாடுகிறார்கள், இவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிடுகிறாள். பள்ளி விட்டதும் கடைக்கு வருகிறாள். கண் பரிசோதிக்கிற முக்காலியில் ஏறி, எதிர்ச்சுவரில் இருக்கிற எழுத்து அட்டையை மேலிருந்து கீழே வாசிப்பதுதான் விளையாட்டு. ஐந்து வயதில் கடைசி வரிவரை பளிச்சென்று தெரிகிறது.

சபை வாசலில் ஊழியப் பலகை இருக்கிறதே, மேலே உன் படம், கீழே நீ அனுப்பிய பன்னிரண்டு பிள்ளைகளின் படங்கள், வாரம் ஒரு பிள்ளைக்காக ஞாயிறு பள்ளியில் ஜெபிக்கிறார்கள். போன ஞாயிறு அந்த ஆராதனை முடிந்து வெளியே வந்து பார்த்தால் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் பதிமூன்றாவதாக ஒன்று. நம் சுண்டு. பள்ளி அடையாள அட்டையிலிருந்து தன் படத்தைப் பிய்த்து, நான் உடைந்த பிரேம் ஒட்டுகிற பசையைக் கடையிலிருந்து எடுத்துப்போய் ஒட்டியிருக்கிறாள். ஏன்டி என்று கேட்டேன். "அம்மா பாத்துக்கிற பிள்ளைங்க படமெல்லாம் இங்கதான் இருக்கு, என்னுது மட்டும் இல்ல, மறந்துட்டாங்க தாத்தா" என்றாள். போதகர் பூரித்துப்போய், "அம்மாவோட ஊழிய பாரம் பிள்ளைக்கும் வந்திருக்கு பாருங்க" என்று அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார்.

அந்தப் பிள்ளைகள் வேண்டாதவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களைத் தூக்கி வைத்துக்கொள்ள உன்னோடு ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள், இவளுக்கு அம்மா என்று இன்னொருத்தி இல்லை. நீ அவர்களுக்குச் செருப்பு வார் மாட்டக் கற்றுக்கொடுக்கிற வீடியோவைப் பார்த்துத்தான் இவள் மாட்டக் கற்றுக்கொண்டாள், தெரியுமா உனக்கு? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இந்த வாரம் ஐந்தாவது பிள்ளையின் முறை, தன் முறை வர எட்டு வாரம் என்று விரல்விட்டு எண்ணுகிறாள். அவள் முறை வந்தால் நீ வந்துவிடுவாயாம், அவள் கணக்கு அது.

படத்தை எடுத்துவிடச் சொல்கிறாள் உன் அம்மா. அந்தப் பசை எனக்குத் தெரியும், ஒட்டினால் விடாது, பிய்த்தால் முகம்தான் கிழியும். அப்படியே விட்டிருக்கிறேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமாக வரத்தை. எனக்குப் பதில் போட வேண்டாம், அவளுக்குப் போடு. வேறொன்றும் வேண்டாம், வருகிற தேதியை மட்டும் எழுது. எவ்வளவு சின்ன எழுத்தானாலும் வாசித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா