தள்ள ஆளில்லாத வள்ளம்

அன்புள்ள அண்ணை,

அப்பா தூங்கியபின் எழுதுகிறேன். சோதனை அணு உலைத் திட்டத்தை அரசாங்கம் கைவிட்டதும் ஊரே வெடி கொளுத்தியது. உலைக்குக் கரைக் காணியை விற்பதில்லை என்று அம்மன் கோயிலில் எல்லோருடனும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த அப்பா, இரகசியமாக விற்கக் கையெழுத்து வைத்தது இப்போது தெரிந்துவிட்டது. அவருடைய வள்ளத்தைத் தள்ள யாரும் வருவதில்லை.

“உன்ரை அணு உலை வந்து தள்ளுமடா!” என்று சிரிக்கிறார்கள்.

இன்று மாலை, வலையை வீட்டிலேயே விட்டுவிட்டு, வள்ளத்தைத் தனியே தண்ணீருக்குள் உருட்டினார். வலையில்லாமல் போகிறவர் திரும்பி வரமாட்டாரோ என்று பயந்து, நான் எஞ்சின் பிளக்கை ஒளித்துவிட்டேன்.

“பிளக் எங்கை பிள்ளை?”

“தெரியாதப்பா.”

“சரி, விடியக் கடையிலை வாங்குவம்.”

விடியுமுன் உங்கள் சுன்னாகத்துக்கு மீன் கொண்டுவருபவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அப்பாவுடன் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. கடை திறக்குமுன் வாருங்கள். வள்ளத்தைக் கரைக்கு இழுக்க என்னால் தனியே முடியாது.

உங்கள் தங்கச்சி