நாலு மணிக்கு என் தங்கை வருவாள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. நாலு மணிக்கு என் தங்கை அவளுடைய தையல் மெஷினை எடுக்க வருகிறாள். நான் இருக்க மாட்டேன், நீங்கள்தான் கதவைத் திறக்க வேண்டும். மெஷின் இருக்கிற பின்னறையின் சாவி ஆணியில் தொங்குகிறது.

உங்கள் மோதிரத்தைத் திருடினாள் என்று அவளை இந்த வீட்டைவிட்டுத் துரத்தினீர்கள். அது உங்கள் பழைய கோட்டுப் பையிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லி அழுதீர்கள். போதகர் கட்டிப்பிடித்தார், எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, "மனசு லேசாயிடுச்சு" என்று இரண்டு தட்டு சாப்பிட்டீர்கள். திருடி என்று பெயர் வாங்கியவளுக்கு இன்னும் ஒரு வார்த்தை போகவில்லை.

அவளிடம் வசனம் பேசாதீர்கள். "முதல்ல ஜெபம் பண்ணலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். "தப்பு என்னோடது, மன்னிச்சிடும்மா" என்றால் போதும். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் இஷ்டம். மெஷின் கனம், நீங்களே தூக்கிக்கொண்டு படியிறங்கி வாசலில் வையுங்கள்.

பி.கு.: நீங்கள் அவளைத் துரத்திய அன்றைக்கு நானும் வாயைத் திறக்காமல்தான் நின்றேன். நேற்று அவள் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். "மெஷினை எடுக்க வர்றேன். அப்ப நீ வீட்ல இருக்காதே" என்று கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு இன்றைக்கு லீவுதான். அவள் போகிறவரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பேன்.