படிப்பு வராதவள் என்று சொன்னார்கள்

கையை இரண்டு முறை கழுவியும் நெய்ச்சோற்று வாசம் போகவில்லை. இன்று நீ இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா. கராச்சர்மாவில் உன் மகன் கட்டியிருக்கும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் திரும்பினேன். உன் பேத்தி பத்தாவதில் கெமிஸ்ட்ரியில் முதலாவதாக வந்திருக்கிறாளாம். பந்தியில் யாரோ அவளைப் புகழ்ந்தார்கள். உன் மகன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“யாரைக் கொண்டு பொறந்திருக்காளோ! எங்க அம்மாவுக்குப் படிப்பே வராதாம். அதான் பாதியில நிறுத்திட்டாங்களாம்.”

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

நமக்கும் அந்தப் பாடம் பத்தாவதில்தான் வந்தது. நாம் இருவரும் படித்த இந்தத் தீவுப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இந்தியில் நடக்கும். சார் ‘சன்யோஜக்தா’ என்று கரும்பலகையில் எழுதினால் எனக்கு அந்தச் சொல்லே வாயில் நுழையாது. இணைதிறன் என்று தமிழில் ஒரு சொல் இருப்பதை அப்போது நமக்கு யார் சொன்னார்கள்? மதிய மணி அடித்ததும் படாக் மரத்தடியில் குந்தி, மண்ணில் குச்சியால் வட்டம் போட்டு நீதான் சொல்லித்தருவாய்.

“நடுவுல நியூக்ளியஸ். முதல் வட்டத்துல ரெண்டு எலக்ட்ரானுக்குத்தான் இடம். அடுத்ததுல எட்டு. ஆக்சிஜனுக்கு மொத்தம் எட்டு இருக்கு. ரெண்டு உள்ள போயிட்டா வெளிய எத்தனை?”

“ஆறு. அப்ப சன்யோஜக்தா ஆறு.”

“இல்ல புள்ள! இருக்கிறத எண்ணாத. எட்டு நிரம்ப எத்தனை குறையுது?”

“ரெண்டு.”

“அதான். ரெண்டு ஹைட்ரஜன் வந்து ஆளுக்கு ஒண்ணு பங்கு போட்டுக்கிட்டா நெறஞ்சிரும். தண்ணி ஆயிருச்சா?”

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. உனக்குப் படிப்பு வராதாம்!

சோடியம் பாடம் நடந்த நாளுக்கு வருகிறேன். சார் மூன்று வட்டம் போட்டார். இரண்டு, எட்டு, கடைசியில் ஒன்று. வெளியே இருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் சோடியம் நிலையாகிவிடும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்கள் பக்கம் திரும்பி, “வீட்டில் இருக்கும் பெண்ணும் இப்படித்தான். எவனுக்காவது கொடுத்து அனுப்பினால்தான் பெற்றவனுக்கு நிம்மதி” என்றார். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

நீ எழுந்தாய். உன் சுத்தமான இந்தியில், பணிவாகத்தான் கேட்டாய். “சார், க்ளோரினுக்கும் சன்யோஜக்தா ஒன்றுதானே? அதற்கு ஒன்று குறைகிறது, அடுத்தவரிடம் வாங்கித்தான் அது நிலையாகிறது. அது யார் சார்?”

பையன்களின் சிரிப்பு நின்றது. நம் பெஞ்சில் ஆரம்பித்தது. சாரின் முகம் கறுத்துவிட்டது. “பாஹர் நிக்லோ!” என்று வாசலைக் காட்டினார். நான் எழுந்து, “அவ தப்பா ஒண்ணும் கேக்கலையே சார்” என்றதற்கு எனக்கும் திட்டு விழுந்தது.

மன்னிப்புக் கேட்டால் உள்ளே வரலாம் என்றார்கள். நீ கேட்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகவே பாடம் கேட்டாய். மழைச்சாரல் அடித்தபோதும் எழுந்து போகவில்லை. கடைசியில் உன் அத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “மாஃப் கர்னா சாப்” என்று அவர் சாரிடம் கெஞ்சியதைப் பார்த்தேன். மகள் என்ன கேட்டாள் என்று அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உன்னைக் கையோடு அழைத்துப் போய்விட்டார்.

சாயங்காலம் ஜங்லிகாட்டில் உங்கள் துணிக்கடைக்கு ஓடினேன். “பரீட்சையாவது எழுதட்டும் மாமா” என்றேன்.

“வாத்தியாரை எதுத்துப் பேசினவள்னு தெரிஞ்சா எவன்மா கட்டுவான்? படிப்பு வரல, நிறுத்திட்டோம்னு சொல்லிக்கிறோம். நீயும் அப்படியே சொல்லு.”

உள்கதவுத் திரைக்குப் பின்னால் நீ நின்றிருந்தாய். உன் கால் தெரிந்தது. வகுப்பில் அத்தனை பேர் முன்னால் எழுந்த நீ, அங்கே வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் உன்னை வடக்குத் தீவில் திக்லிபூருக்குக் கட்டிக்கொடுத்துக் கப்பலேற்றினார்கள். நான் படித்து, கெமிஸ்ட்ரி டீச்சராகி, அதே பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். அந்தச் சார்தான் அங்கே தலைமையாசிரியர் ஆகியிருந்தார். எல்லார் முன்னாலும் என்னைத் தன் மாணவி என்றார். எனக்குச் சொல்லித்தந்தவள் வேறொருத்தி என்று உன் பெயரைச் சொன்னேன். “யார் அது?” என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே ஞாபகமில்லை. உன் படிப்பை அழித்த மனிதருக்கு உன் பெயர்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு ஒருமுறை திக்லிபூர் வந்து உன்னைப் பார்த்தேன். பேச்சை எடுத்ததும், “அதெல்லாம் மறந்துபோச்சு புள்ள, டீ குடி” என்றாய். மறந்தவளாக இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாய்.

இன்று பந்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பேத்தி தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். உன் மகன் மெதுவாகக் கேட்டான்: “அம்மா ஏன் ஆன்ட்டி எங்ககிட்ட சொல்லவே இல்ல?”

அதற்குப் பதில் நீதான் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை காலமும் என் கோபத்தில் பாதி அந்த இரண்டு ஆண்கள்மேல், மீதி உன்மேல். நீ போய்விட்டாய் என்பதற்காக அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.