தேடினால் முதலில் வருகிறவர்

மார்ச் 3, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று காலை பல்கூட விளக்காமல், படுத்த படுக்கையில், போனில் சகலையைத் தேடினேன். சகலை ஒன்றும் காணாமல் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி, கடையும் ஆளுமாக நன்றாகத்தான் இருக்கிறார். "பூட்டு திறப்பவர்" என்று போட்டால் யார் முதலில் வருகிறார்கள் என்று பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது. அவர்தான் வந்தார். உள்ளே போய் அவர் படத்தைப் பார்த்தேன். வெளியே வந்தேன். மறுபடி தேடினேன். மறுபடியும் அவர்தான். பதினோரு தடவை.

வீட்டுக்காரி டீயோடு வந்து நின்றாள்.

"காலங்காத்தால யாரு படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுறீங்க?"

"உன் தங்கச்சி புருஷனை."

"அட, வேற பொம்பளையா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்று டீயை வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 4, புதன்

இந்த டைரி பக்கத்துக்கடை பிரிண்டிங்கம்மா கொடுத்தது. அட்டையில் எழுத்து தலைகீழாக விழுந்துவிட்டதால் விற்கமுடியவில்லையாம். "மனசுல இருக்கறதை இதுல எழுதுங்கண்ணே, என் காதுல கொட்டாதீங்க" என்றார். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். என் எழுத்துக்குத் தலைகீழ் அட்டையே போதும்.

விஷயம் இதுதான். சகலையும் நானும் ஒரே கடையில் ஐந்து வருஷம் சாவி வெட்டினோம். அரம் பிடிக்கவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போன வருஷம் ஒருநாள், "அண்ணே, தனியாப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்றார். பாரு ராசா என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அதற்கப்புறம் பதினோரு மாதமாகப் பேசவில்லை. நான் பேசாததால் என் வீட்டுக்காரியும் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. நான் போகாதே என்று சொல்லவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவருடைய இணையப் பக்கத்துப் படத்தில் நீலச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தச் சட்டை நான் எடுத்துக்கொடுத்தது.

மார்ச் 6, வெள்ளி

முன்பு ஒரு நாளைக்குப் பத்துப்பேர் கூப்பிடுவார்கள். இன்று இரண்டு பேர். ஒருத்தர் தவறான எண். இன்னொருத்தர் டாக்டர். காரைத் திறக்கப் போனால் சாவி அவர் கோட்டுப் பையிலேயே இருந்தது. "சார், உங்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்" என்றேன். சிரித்தார். இப்படிச் சிரிக்க வைக்கிறவனை ஏன் யாரும் தேடமாட்டேன் என்கிறார்கள்?

சகலையின் பக்கத்தில் வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நல்ல வேலை. அதிகம் பேசமாட்டார்." ஐந்து நட்சத்திரம். பேசாததற்கு ஐந்தா?

மார்ச் 8, ஞாயிறு

மாமனார் வந்திருந்தார். அவரிடமும் போனை நீட்டினேன். "பாருங்க மாமா, அநியாயத்தை. முதல்ல யாரு வர்றாருன்னு பாருங்க." வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதைத்தான் காட்டுகிறேன். மளிகைக்கடைக்காரர், மாடிவீட்டு டீச்சர், முடிவெட்டுகிறவர், எல்லாரும் பார்த்தாகிவிட்டது. பாவம் இந்த மனுஷன் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தால்—

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பரவால்லையே, சின்ன மாப்பிள்ளை முதல் இடத்துக்கு வந்துட்டாரே! இதை என் போனுக்கு அனுப்புங்க, நாலு பேருக்குக் காட்டணும்" என்றார்.

அனுப்பினேன். என் கையாலேயே.

இனிமேல் அவருக்கு என் வாயில் முதலாமவர் என்றுதான் பெயர்.

மார்ச் 10, செவ்வாய்

பதினான்கு தடவை. முதலாமவர்தான்.

மார்ச் 12, வியாழன்

பொறுக்கமுடியாமல் பிரிண்டிங்கம்மாவிடம் போனேன். விசிட்டிங் கார்டோடு இணையப் பக்கமும் செய்து தருகிறவர். என்னுடையதையும் அவர்தான் செய்தார்.

"தங்கச்சி, என் பக்கத்துல என்ன குறை? ஏன் வரமாட்டேங்குது?"

"நீங்க என்ன குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? கடை போர்டைப் போட்டோ எடுத்துக் குடுத்து, இதையே போடு, என் போர்டு மாதிரி வருமான்னு கேட்டீங்க. ஒரே ஒரு படம். தேடற மிஷின் எழுத்தைத்தாண்ணே முதல்ல படிக்கும். உங்க பக்கத்துல ஒரு எழுத்துகூட இல்லை."

"போர்டுல இருக்கே!"

"அது படம்."

"பெரிய எழுத்துல இருக்கேம்மா, பஸ்ல போறவனே படிக்கிறானே!"

தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். அந்த மிஷின் ஊர் உலகத்தில் உள்ள எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே படித்துக் குறித்து வைத்திருக்குமாம். யாராவது தேடினால், அவர் கேட்டதற்கு எந்தப் பக்கத்தில் சரியான பதில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை வேறு யார் யார் நம்பிக் கைகாட்டியிருக்கிறார்கள், சீக்கிரம் திறக்கிறதா, தேடுகிற ஆள் நிற்கிற இடத்துக்குக் கடை பக்கமா, இதெல்லாம் பார்த்து வரிசை கட்டுமாம். கண் மூடித் திறப்பதற்குள்.

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை விசாரிப்பதில்லை.

மார்ச் 14, சனி

மிஷினுக்கு எழுத்துதானே வேண்டும்? வயிறு நிறையப் போடலாம் என்று முடிவு செய்தேன். பிரிண்டிங்கம்மா சாப்பிடப் போயிருந்தபோது, அவர் கம்ப்யூட்டரில் என் பக்கத்தைத் திறந்து, ஒற்றை விரலால் "பூட்டு சாவி" என்று அடித்தேன். ஒரு வரி அடித்ததும் பிரதி எடுத்து ஒட்டும் வித்தை பிடிபட்டது. நானூறு தடவை ஒட்டினேன். வருகிறவர்கள் பார்த்தால் பைத்தியம் என்று நினைப்பார்களே! அதனால் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக்கினேன். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, மிஷினுக்குத் தெரியும்.

என் மூளையை நினைத்து எனக்கே பயமாக இருக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

தேடல் வரிசையில் இரண்டாம் பக்கத்தில் இருந்தவன் நான்காம் பக்கத்தில் கிடக்கிறேன். என்னோடு கூட இருப்பது போன வருஷம் மூடின ஒரு இரும்புக்கடை.

ஏப்ரல் 2, வியாழன்

குட்டு உடைந்தது. பிரிண்டிங்கம்மா ஏதோ சரிபார்க்கப் பக்கத்தைத் திறந்து, வெள்ளை எழுத்தின் மேல் மவுஸை இழுக்கவும் நானூறு பூட்டும் நானூறு சாவியும் வரிசையாக முழித்துக்கொண்டன.

"யாருண்ணே இது?"

"மிஷினாகவே—"

"மிஷினுக்கு இந்தத் தில்லுமுல்லெல்லாம் அத்துப்படி. ஏமாத்தறான்னு தெரிஞ்சா கீழ தள்ளிடும். சகலை மேல உங்களுக்கு ஏண்ணே இவ்வளவு காந்தல்?"

"அவர் முதல்ல வர்றாரும்மா!"

"எங்க வர்றாரு?"

போனைக் காட்டினேன். முதலாமவர், நீலச்சட்டை. பிரிண்டிங்கம்மா தன் போனை எடுத்துத் தேடிக் காட்டினார். முதல் இரண்டும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். மூன்றாவது ஏதோ பெரிய கம்பெனி. இன்னும் சில. சகலை ஏழாவது. ஏழு!

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர் பக்கத்துக்குள்ள போவீங்க?"

பத்து என்றேன். கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

"உங்க போன் உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்குண்ணே. ஒரே இடத்துக்குத் தினம் போய்ப் போய் நின்னா, இவருக்கு இதுதான் பிடிக்கும்போலன்னு மேல தூக்கி வெச்சிருக்கும். உங்க சகலையை முதலாமவர் ஆக்கினது நீங்கதான். அதுவும் உங்க போன்ல மட்டும்."

நாற்காலி இருந்ததால் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

தூக்கம் சரியில்லை. ஏழாவது இடத்தில் நின்றிருந்த மனுஷனுக்கு, மளிகைக்கடையிலிருந்து மாமனார் வரைக்கும் வீடு வீடாகப் போய் விளம்பரம் செய்திருக்கிறேன். சம்பளமில்லாமல். முடிவெட்டுகிறவர் போன மாதம் கடைக்கு ஷட்டர் பூட்டு மாட்டினாரே, யாரிடம்? என்னைப் பார்த்து அசடு வழிந்தார். இப்போது புரிகிறது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஊர்ல இருக்கற பூட்டையெல்லாம் திறக்கறீங்க. வாயைத் திறந்து வாப்பா போப்பான்னு சொல்லத் தெரியலை. என் தங்கச்சி ரெண்டு தெரு தள்ளி இருக்கா. அவளை நானும் போன்லதான் பார்க்கறேன்."

அப்புறம் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். பாத்திரம் எல்லாம் ஏற்கெனவே தேய்த்துத்தான் இருந்தது.

பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பிரிண்டிங்கம்மா நானூறையும் அழித்தார். "உங்ககிட்ட வர்றவங்க என்ன கேட்பாங்க, நீங்க என்ன சொல்வீங்க? அதை அப்படியே சொல்லுங்க, நான் அடிக்கறேன். உங்க வாய்தாண்ணே உங்க சரக்கு."

சொன்னேன். மூன்று மணிநேரம். சாவி பூட்டுக்குள் உடைந்தால் என்ன செய்யவேண்டும் (எதையும் உள்ளே விட்டு நோண்டாதீர்கள், நோண்டினவர்கள் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள்). பூட்டுக்குச் சமையல் எண்ணெய் விடலாமா (அது பூட்டு, பணியாரம் இல்லை). கதவு சாத்திக்கொண்டால் முதலில் யாரைக் கூப்பிடவேண்டும் (யாரையும் கூப்பிடாதீர்கள், முதலில் பின்கதவைத் தள்ளிப்பாருங்கள், பத்தில் மூன்று வீட்டில் திறந்துதான் இருக்கும்).

"இதைச் சொன்னா கூப்பிட வேண்டியவன்கூடக் கூப்பிடமாட்டானே தங்கச்சி?"

"அதைச் சொன்னவரைத்தாண்ணே அடுத்த தடவை கூப்பிடுவாங்க."

ஏப்ரல் 11, சனி

இன்று தேடவில்லை. ஒரே ஒரு தடவைதான்.

ஏப்ரல் 24, வெள்ளி

அடுக்குமாடி வீடுகளின் சங்கம் ஒன்று, குடியிருப்பவர்களுக்கான தங்கள் பக்கத்தில் "கதவு சாத்திக்கொண்டால் முதலில் இதைப் படியுங்கள்" என்று என் பக்கத்தைக் கைகாட்டியிருக்கிறதாம். ஒரு பள்ளிக்கூடமும் காட்டியிருக்கிறது. ஆறாவதோடு ஓடிவந்தவனைப் பள்ளிக்கூடம் கைகாட்டுகிறது. பிரிண்டிங்கம்மா போனில் நான் ஐந்தாவது. சகலை ஆறாவது.

கடைக்குள் தனியாக ஒரு சுற்று ஆடினேன். சாவி வெட்டவந்த அம்மா பார்த்துவிட்டார். "எறும்பு" என்றேன்.

மே 9, சனி

நேற்று ஏழு பேர் கூப்பிட்டார்கள். பிரிண்டிங்கம்மா போனில் விளம்பரங்களுக்கு அடுத்து நான். சகலை எனக்கு அடுத்தது. சங்கத்துப் பக்கம் அவரையும் காட்டியிருக்கிறதாம். பூட்டில் எனக்குக் கைவராத டிஜிட்டல் வேலைக்கு அவரைக் கூப்பிடுங்கள் என்று என் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைப் பார்த்துத்தான். அந்த வரியைச் சொன்னவன் நான்தான். ஏன் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. மூன்று மணிநேரம் பேசினால் ஒன்றிரண்டு உண்மையும் வந்து தொலைக்கிறது.

முதலில் வந்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கவேண்டும். ஆனால் காலையில் போனை எடுத்தால் என்ன தேடுவது என்று தெரியவில்லை. என்னையே தேடிக்கொள்வதில் ஒரு ருசியும் இல்லை. பொறாமைப்பட ஆள் இல்லாமல் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது.

ஹார்டுவேர் கடையில் சகலையைப் பார்த்தேன். இளைத்திருந்தார். அவர் ஆணி அலமாரியைப் பார்த்தார். நான் பெயின்ட் டப்பாவைப் பார்த்தேன்.

மே 16, சனி

வீட்டு வாசல்கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டினேன். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். காற்றடித்தாலும் பூட்டிக்கொள்ளும். இடுக்கில் அட்டை கொடுத்துத் திறக்கமுடியாது. படம் எடுத்து என் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்: "என் வீட்டிலேயே இதுதான்."

மே 17, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குக் குப்பை வைக்க வாசலுக்கு வந்தேன். பனியனோடு. எத்தனை மூட்டை என்று பார்க்க வீட்டுக்காரியும் வந்தாள். காற்றடித்தது. பூட்டு விளம்பரத்தில் சொன்னபடியே நடந்துகொண்டது.

போன் உள்ளே. கருவிப்பை உள்ளே. கடைச்சாவியும் உள்ளே. பின்கதவைத் தள்ளிப்பார்த்தேன். பூட்டியிருந்தது. நான் பூட்டினதுதான்.

மாடிவீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார். "இருங்க, நான் ஆளைக் கூப்பிடறேன்" என்று தன் போனில் தேடி, விளம்பரங்களைத் தாண்டி முதலில் வந்த எண்ணை அழுத்தினார். வீட்டுக்குள் என் போன் அடித்தது. நல்ல சத்தம். கடைசிவரை அடித்தது.

"எடுக்கமாட்டேங்கிறாங்களே" என்றார் டீச்சர்.

"ஞாயித்துக்கிழமை" என்றேன்.

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் குப்பையைப் பார்த்தேன். டீச்சர் அடுத்த எண்ணை அழுத்தினார்.

எட்டு நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார்கள், சகலையும் மச்சினியும். மச்சினி வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே ஒரே சமயத்தில் பேசினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. பனியனில் நிற்பவனையும் கவனிக்கவில்லை.

சகலை பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்ல பூட்டுண்ணே."

"ம்."

"உங்க பக்கத்துல பார்த்தேன்."

"எப்பவாவது பார்ப்பியா?"

"எப்பவாவது" என்றார்.

"பொய் அத்தான்" என்றாள் மச்சினி, அக்கா தோளில் இருந்தபடியே. "பல்லு விளக்கறதுக்கு முன்னாடி போனைத்தான் எடுக்கறாரு. உங்க படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு வேற."

சகலை குனிந்து வேலையைப் பார்த்தார். மூன்று நிமிடத்தில் திறந்தார். நான் இரண்டில் திறந்திருப்பேன். சொல்லவில்லை. பேசாததற்கு ஐந்து நட்சத்திரம் உண்டென்றால் இன்றைக்கு எனக்கும் ஒன்றிரண்டு கிடைக்கவேண்டும்.

உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டேன். மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று மச்சினி பிடிவாதம் பிடித்தாள். வீட்டுக்காரி சேலை மாற்றிக்கொண்டாள். நான்கு பேரும் கிளம்பினோம். கடைசியாக வந்து கதவை இழுத்துச் சாத்தினவன் நான்.

இதைச் சகலையின் கடை விளம்பரத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். டைரி உள்ளே இருக்கிறது. சாவியும்.