கமரா வேண்டாம் என்ற என் தங்கச்சிக்கு

என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லா,

நீ போன பிறகு எத்தனையோ செய்திகளை உன்னிடம் சொல்ல வாயெடுத்து, நீ இல்லை என்பது ஞாபகம் வந்து நிறுத்தியிருக்கிறேன். இந்த முறை நிறுத்தப் போவதில்லை.

வெள்ளவத்தையில் என் கடைக்கு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. கமரா வாங்க வந்தவள் என்று நினைத்து விலை சொல்லத் தொடங்கினேன். "இல்ல அண்ணா, நான் ஒண்டும் வாங்க வரேல்ல. நீங்க ஸ்டெல்லா மிஸ்ஸின்ட அண்ணன்தானே?" என்றாள். கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் கதைத்து முடிக்கும்வரை இரண்டு வாடிக்கையாளர்களைப் பிறகு வரச் சொல்லி அனுப்பினேன்.

அவள் சொன்னது உனக்குத் தெரிந்த கதைதான். நீ எனக்குச் சொல்லாத கதை. நம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். கோபிக்காதே.

நான் கமராக்காரன். கடை, வீடு, அடகுக் கடை, கல்யாண மண்டபம், எங்கே கேட்டாலும் கண்காணிப்புக் கமரா பூட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. நீ கொட்டாஞ்சேனையில் ஒரு சபை நடத்தும் சின்ன நூலகத்தில் நூலகர். மாடியில் இரண்டே அறைகள். மழை பெய்தால் ஜன்னலோரத்துப் புத்தகங்களை நீ ஓடி ஓடி நகர்த்த வேண்டும். "ஒரு வயித்தில பிறந்ததுகள். மூத்தது எல்லாத்தையும் பார்க்கச் சொல்லுது, இளையது ஒண்டையும் பார்க்காதே எண்டுது" என்று அம்மா நம்மைக் காட்டிச் சொந்தக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

உனக்கு அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா துறைமுகத்தில் கிளார்க். வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவர் வாசிக்காத நாளில்லை. சோதனைச் சாவடிகள் நிறைந்திருந்த அந்தக் காலத்தில், ஒரு நாள் நம் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் அப்பாவின் பையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, எழுத்துத் தெரியாமலே பக்கம் பக்கமாகப் புரட்டினான். "மே மொனவத?" இது என்னவென்று கேட்டான். "கதைப் புத்தகம்" என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். யார் கொடுத்தது, எங்கே வாங்கியது, ஏன் வாசிக்கிறாய் என்று கேள்விமேல் கேள்வி. கடைசியில் விட்டுவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அம்மாவிடம் அப்பா சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் புத்தகம் விரித்ததை நான் காணவில்லை. நீ கண்டாயா?

நூலகத்துக்கு முதன்முதலாகக் கணினி வந்தபோது அதைப் பொருத்தித் தர என்னைத்தான் கூப்பிட்டாய். "அண்ணா, புத்தகம் திரும்பி வந்த உடனே அதை எடுத்த ஆளின்ட பேர் அழிஞ்சு போகோணும். செய்ய ஏலுமா?" என்று கேட்டாய்.

"எல்லாரும் சேர்த்து வைக்கத்தான் கொம்பியூட்டர் வாங்குறாங்கள். நீ அழிக்கக் கேக்கிறியா?"

"புத்தகம் பத்திரமா வந்துட்டுதுதானே. பிறகு அவர் என்ன வாசிச்சார் எண்டு எனக்கென்னத்துக்கு?"

செய்து கொடுத்தேன். வாசகர்கள் பாவிக்கும் மற்றக் கணினிகளிலும், ஒருவர் எழும்பிப் போனதும் அவர் பார்த்ததெல்லாம் துடைபட்டுப் போகும்படி வைத்தோம். உன் தொல்லைக்காக ஏதோ செய்ததாக அன்று நினைத்தேன். அந்தச் சின்ன வேலை ஒரு குடும்பத்தின் தலையெழுத்தைத் தொடும் என்று நினைக்கவேயில்லை.

பிறகு அந்த மனிதர் வந்தார். அதைப் பற்றி நீ எனக்குப் பாதிதான் சொன்னாய். நன்றாக உடுத்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர். மனைவியின் பேரைச் சொன்னார். அவள் இங்கே வருகிறாளாம், என்ன வாசிக்கிறாள், யாரோடு கதைக்கிறாள் என்று சும்மா தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"எங்களுக்குத் தெரியாது சேர்."

"கொம்பியூட்டர்ல இருக்குமே மிஸ்."

நீ திரையை அவர் பக்கம் திருப்பி, "தேடிப் பாருங்க" என்றாயாம். தேடினார். ஒன்றுமில்லை. கமரா எங்கே என்று கூரையை அண்ணாந்து பார்த்தார். அதுவும் இல்லை. அவர் நேரே சபைத் தலைவரின் வீட்டுக்குப் போனார்.

தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். கெட்டவர் இல்லை. எல்லாம் பதிவாக வேண்டும் என்பது அவருடைய வேதம். "யார் என்ன வாசிக்கினம் எண்டு தெரியாத லைபிரேரியன் எதுக்கு?" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். ஏற்கெனவே புத்தகங்கள் காணாமல் போகின்றன, உடனே கமரா பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார். அன்று பின்னேரம் நீ என் கடைக்கு வந்து தேத்தண்ணி குடித்தது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கதவுப் பக்கம் ஒரேயொரு கமரா சும்மா போட்டுத் தருகிறேன், உன் வேலையாவது மிஞ்சும் என்றேன்.

"கமரா என்ன செய்யும் அண்ணா? 'தம்பி, புத்தகத்தை மறந்து கொண்டு போறீங்கள்' எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுமா?"

மறுநாள் உன் மேசையைத் தூக்கி வாசல் கதவருகே போட்டாய். மின்விசிறிக் காற்று எட்டாத இடம். அந்த வெக்கையில் வேர்க்க வேர்க்க இருந்து, போகிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வழியனுப்பினாய். புத்தகம் தொலைவது மெல்ல மெல்ல நின்றுபோனது. தலைவர் கமராப் பேச்சை விட்டுவிட்டார். உன் வேலை தப்பியது. அந்த மனைவிக்கு என்ன ஆனது என்று கேட்டேன். "தெரியாது அண்ணா" என்றாய். நம்பினேன்.

அவள்தான் கடைக்கு வந்தவள், ஸ்டெல்லா.

கணவன் அடிக்கிறவன் இல்லையாம். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம், யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவன். சாப்பாட்டில், தூக்கத்தில், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதுகூட. தனக்கும் பிள்ளைக்கும் செலவுக்குப் பணம் கேட்டுத் தாபரிப்பு வழக்கு எப்படிப் போடுவது என்று வாசிக்கத்தான் அவள் நூலகத்துக்கு வந்தாள். யாரிடமும் சொல்லாமல்தான் வந்தாள். பிறகு அவனுக்கு எப்படித் தெரிந்தது?

அவன் வந்துபோன மறுநாளே நீ அவளிடம் "உங்கட ஃபோனைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டாயாம். அவள் நிற்கிற இடத்தையெல்லாம் அவன் ஃபோனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அது. அவளுக்குத் தெரியாமல் அவன் போட்டு வைத்திருந்தான். அவள் அழுதுகொண்டே, "உடனே நிப்பாட்டுங்க மிஸ்" என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானாக இருந்தால் அந்தக் கணமே நிறுத்தியிருப்பேன். நீ நிறுத்தவில்லை. "நிப்பாட்டினா அவருக்கு உடனே விளங்கும். இண்டைக்கு ராவைக்கு நீங்கள் அந்த வீட்டிலதானே இருக்கோணும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ, நீங்கள் சொல்லுறபடி செய்வம்" என்றாய். இருவரும் யோசித்தீர்கள். அவளுடைய அம்மா வீடு நூலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில். அன்றிலிருந்து பகலில் ஃபோன் அம்மா வீட்டில் இருந்தது. அவள் நடந்து நூலகத்துக்கு வந்தாள். அவன் திரையில் அவள் பகல் முழுவதும் தாயோடு இருந்தாள்.

அப்படியே வாசித்தாள். விண்ணப்பம் எழுதினாள். சட்ட உதவி தருகிற ஒருவரை நீ தேடிக் கொடுத்தாய். இப்போது பிள்ளையோடு தாய் வீட்டில் இருக்கிறாள், ஒரு தையல் நிலையத்தில் வேலை. வழக்கு இன்னும் இழுபடுகிறது. "ஆனா நான் நல்லா நித்திரை கொள்ளுறன் அண்ணா" என்றாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, பேர் மட்டும் வேண்டாம்" என்றாள். அவள் பேரை நான் கேட்கவும் இல்லை.

களுபோவில ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது உன்னைப் பார்க்க வந்த கூட்டத்தைப் பார்த்து நான் திகைத்தது ஞாபகமா? மீன் விற்கிற சிங்களப் பெண் ஒருத்தி உன் தலையைத் தடவி "அனே நங்கி", ஐயோ தங்கச்சி, என்று அழுதாள். கோட் போட்ட ஒருவர் கட்டில் காலடியில் நின்றார். யார் இவர்கள் என்று நான் கேட்கக் கேட்க, "எங்கட லைபிரரி ஆக்கள்" என்பதற்கு மேல் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலியிலும் நீ வாய் தவறவில்லை. எனக்கு அப்போது அது ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது. அது அவர்களுக்கு நீ போட்ட காவல் என்று இப்போதுதான் விளங்குகிறது.

இன்னொரு செய்தி. உன் இடத்துக்கு ரிஸ்னா என்ற பிள்ளை வந்திருக்கிறாள், ஊர் புதுக்கடைப் பக்கம். வந்த கொஞ்ச நாளிலேயே சபை கூடியது. வெளிநாட்டு அன்பர் ஒருவர் முகத்தைப் பார்த்துத் திறக்கிற கதவு தருகிறாராம். அட்டை தேவையில்லை, கையெழுத்துத் தேவையில்லை, முகத்தைக் காட்டினால் போதும். பூட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இந்த முகமெல்லாம் எங்க போய்ச் சேரும்?" என்று கேட்டேன்.

"அது அவங்கட சேர்வர்ல" என்றார் தலைவர்.

"அந்த சேர்வர் எங்க இருக்கு? யார் பார்ப்பினம்? எப்ப அழிப்பினம்?"

அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. விற்பவன் நான், எனக்கே தெரியாது என்று சொன்னேன். அப்போது ரிஸ்னா எழும்பினாள். "எங்கட வாப்பாவும் இங்க வந்துதான் பேப்பர் பார்க்கிறாரு சேர். கெட்ட காலமொண்டு வந்தா மொதல்ல யாருட மொகத்தத் தேடுவாங்கண்டு எங்களுக்குத் தெரியும்தானே. ஒங்களுக்கும் தெரியும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் நம்முடைய ஆள்தானே, ஸ்டெல்லா. அந்தக் காலத்துச் சாவடிகளில் அவரும் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றவர்தானே. கடைசியில், கதவுக்குப் பதிலாக இரண்டு மின்விசிறியும் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கேட்டு அந்த அன்பருக்கு எழுதச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம். முகக் கதவு மட்டும் வராது.

சனிக்கிழமைகளில் நீ நூலகத்தில் செய்துவந்த வேலையை இப்போது ரிஸ்னாவும் நானுமாக நடத்துகிறோம். ஃபோனைக் கொண்டு வருகிறவர்களுக்கு, அது யாருக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துச் சொல்வது. போன சனிக்கிழமை ஒரு வயதான அங்கிள் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். தனியே ஃபிளாட்டில் இருக்கிறார். கனடாவிலிருக்கும் மகன் அவருடைய பாதுகாப்புக்காக அறைக்கு அறை கமரா போட வைத்திருக்கிறார். போட்டவன் நான்.

"என்ட மனிசி செத்த நாளிலயிருந்து நான் வாய்விட்டு அழேல்ல தம்பி. அழுதா மகன் அங்க பார்த்துக்கொண்டிருப்பான்" என்றார்.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். மகனை ஃபோனில் அழைத்து அங்கிளையே கதைக்கச் சொன்னேன். முதலில் மகன் பயந்தார், விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நியாயமான பயம். கடைசியில் படுக்கையறையிலும் சாமிப் படமிருக்கிற அறையிலும் வேண்டாம், வாசலில் மட்டும் இருக்கட்டும், காலையும் மாலையும் அப்பா கூப்பிடுவார் என்று தகப்பனும் மகனும் ஒப்புக்கொண்டார்கள். அன்று பின்னேரமே போய்க் கழற்றினேன். நான் ஏணியை மடிக்க முன்னமே அங்கிள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமில்லாமல் வெளியே வந்தேன். பிறகு அவர் ஃபோன் எடுத்து, "இதையும் எழுதும் தம்பி, ஆக்களுக்கு விளங்கட்டும்" என்றார்.

நான் கமரா விற்பதை விடப் போவதில்லை, தங்கச்சி. திருடனும் இருக்கிறான், என் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். ஆனால் இனி ஒரு கமராவைப் பூட்ட முன்னர், அது பார்க்கப் போகிற ஆட்களிடம் கேட்காமல் ஏணியில் கால் வைக்க மாட்டேன். மகன் பணம் தருகிறார் என்றால் தகப்பனிடம் கேட்பேன். முதலாளி பணம் தருகிறார் என்றால் வேலைக்கு நிற்கிற பெண்பிள்ளையிடம் கேட்பேன். வேண்டாம் என்றால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வருவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னைப் பார்த்துப் பெருமைப்படுகிற,
உன் அண்ணா