பன்னிரண்டு போல்ட்டும் பூசைப் பெயிண்டும்

சங்ககிரி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சித்ராவுக்கு அம்மா பழனியம்மாள் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த வெயில் ஊரில் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் நலம், உன் மகள் இலக்கியாவும் நலம். அவள் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை, அதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி சாமி. போனில் சொன்னால் நீ பாதியில் அழுதுவிடுவாய், அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நம் தெரு பச்சமுத்து லீவு முடிந்து மஸ்கட் கிளம்புகிறான், அவனிடமே கொடுத்து அனுப்புகிறேன். பையில் எள்ளுருண்டையும் கொள்ளுப் பருப்புப் பொடியும் இருக்கிறது, பொடியை மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டு நீ சாப்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நீ பேசும்போது, மாசக் கடைசியில் அவளை மில் வேலையை விடச் சொல்லு, இல்லாவிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றாய். மில்லில் ஆவி பீறிட்டது என்று உனக்கு யார் சொன்னார்களோ. அதெல்லாம் ஒன்றுமில்லை, அவள் லீவில் இருக்கிறாள் என்று நான் சொன்னது பொய். நடந்தது நிஜம்தான். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஜவ்வரிசி மில்லில் பாய்லரிலிருந்து ஆவி போகும் பெரிய குழாய் இருக்கிறதல்லவா, அதில் இரண்டு குழாய்களின் வாயும் தட்டு மாதிரி அகலமாக இருக்குமாம். பிளாஞ்சு என்கிறார்கள். இரண்டு தட்டுக்கும் நடுவில் ஆவி ஒழுகாமல் இருக்க ஒரு கேஸ்கட்டை வைத்துச் சுற்றிலும் பன்னிரண்டு போல்ட்டுப் போட்டு முடுக்க வேண்டும். பழைய கேஸ்கட் போய்விட்டதென்று புதிதாக மாற்றினார்கள். முப்பது வருசமாக அங்கே பிட்டராக இருக்கும் மாதையன், ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகிக் கை பலத்திலேயே முடுக்குகிற ஆள். இலக்கியா போய் முதலாளியிடம், இனிமேல் டார்க் ஸ்பேனர் வைத்து அளவாக முடுக்கலாமுங்க என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். வேண்டிய அளவு வந்ததும் அது கடக்கென்று சத்தம் போடுமாம். பன்னிரண்டிலும் சத்தம் கேட்டது. பாய்லர் வால்வைத் திறந்து விட்டார்கள், ஆவி ஏறியது, பிளாஞ்சு ஓரத்தில் சீறிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இவள் முகத்துக்கும் ஆவிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்திருக்கிறது.

ஏம் பாப்பா, கடக்குனு சத்தம் கேட்டாப் போதுமா, ஆவி நிக்கோணுமில்ல என்று மாதையன் எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார். அதோடு விடாமல் பைப்பைச் செருகி, ஆவி வரும்போதே முடுக்கப் போயிருக்கிறார். இவள் அவர் கையைப் பிடித்து இழுத்து, வால்வை மூடச் சொல்லிவிட்டு, ஆறினதுக்கு அப்புறம்தானுங்க மாமா, உங்க மொகம் வெந்துபோனா நான் உங்க ஊட்டு அக்காளுக்கு என்னத்தைச் சொல்றது என்றாளாம். ஆறிய பிறகு அவர் முடுக்கினார். ஒரு போல்ட்டு கழுத்தோடு அறுந்து கையில் வந்தது, இன்னொரு பக்கம் கேஸ்கட் நசுங்கிவிட்டது. முதலாளிக்குக் கோபம். போல்ட்டையே பிடித்து இழுத்து முடுக்கும் எண்ணெய் மெசின் ஒன்று கோயமுத்தூரில் வாடகைக்குக் கிடைக்கிறதாம், அதைக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறார். அது பெரிய பெரிய போல்ட்டுக்குத்தானுங்க, நம்ம போல்ட்டில் மெசின் பிடிக்க நுனியே வெளியே நீட்டிக்கிட்டு இல்லைங்க என்று இவள் சொன்னாள். சரி, இன்னொருக்கா ஒழுகினா நீ ஆபீசிலேயே உட்கார்ந்துக்க பாப்பா, குழாய்ப் பக்கம் மாதையன் பார்த்துக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலையை விடச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குச் சாயங்காலம் டிபன் பாக்சில் இரண்டு போல்ட்டும் நட்டும் கொண்டுவந்தாள். ஒன்று கழற்றியது, ஒன்று ஸ்டோரில் கிடந்த புதுசு. அம்மாயி, ரெண்டையும் கையாலயே திருகிப் பாரு என்றாள். புதுசு விரலாலேயே சுற்றிக்கொண்டு ஓடியது. கழற்றியதில் நட்டு பாதியில் நின்றுவிட்டது, என் கை நோகிறதே தவிர நகரவில்லை. நட்டு ஓடும் மரையெல்லாம் வெள்ளிப் பெயிண்டு. ஆயுத பூசைக்கு மாதையன் மில் முழுக்கப் பெயிண்டு அடிப்பாரல்லவா, கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டுமென்று மாற்று வேலைக்கு வைத்திருந்த போல்ட்டு நட்டையும் விடவில்லை. முடுக்கின பலமெல்லாம் அந்தப் பெயிண்டோடு மல்லுக்கட்டியே போய்விட்டது. அந்த ஸ்பேனர் நம் கை எவ்வளவு கஷ்டப்பட்டது என்றுதான் சொல்லுமாம், உள்ளே போல்ட்டு எவ்வளவு இறுகியது என்று அதற்குத் தெரியாதாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்துவிட்டது.

அப்படியானால் தப்பு மாதையன்மேல்தானே, நாளைக்கே முதலாளியிடம் சொல்லு என்றேன். இரண்டு போல்ட்டையும் டிபன் பாக்சிலேயே எடுத்து வைத்தாள். மறுநாள் முதலாளி, மாதையன், பாய்லர்காரர் எல்லோரும் நிற்கும்போது, மரையைப் பாக்காம நான் ஸ்பேனரைப் போட்டுட்டேனுங்க, தப்பு என்னுதுதான் என்று சொல்லியிருக்கிறாள். பெயிண்டு யார் அடித்தது என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மாதையனே மண்ணெண்ணெயும் கம்பி பிரஷுமாக வந்து உட்கார்ந்து, பிளாஞ்சில் ஒவ்வொரு நட்டு உட்காரும் இடத்தையும் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தாராம். அடுத்த பூசைக்கு இதுங்களுக்குக் குங்குமம் மட்டும் போதும் பாப்பா என்றாராம். இவள் சிரித்துவிட்டாளாம்.

சனிக்கிழமை காலையில் புதுக் கேஸ்கட், புதுப் போல்ட்டு, எல்லா மரைக்கும் ஒரே கிரீஸ். ஒரேயடியாக முடுக்காமல் முதல் சுற்றுக் கொஞ்சம், அடுத்த சுற்று இன்னும் கொஞ்சம், அதற்கடுத்து முழு அளவு. அதுவும் வரிசையாக இல்லை, இதற்கு எதிரில் அது, அதற்கு எதிரில் இது என்று. கடைசியில் எதுவும் தளரவில்லையே என்று ஒரு சுற்றும் பார்த்தாளாம். இவள் அளவு சொல்ல மாதையன் முடுக்கியிருக்கிறார். ஆவி ஏறியதும் அவர் தோள்துண்டை நீளக் குச்சியில் கட்டி பிளாஞ்சைச் சுற்றிக் காட்டினாராம். துண்டு நனையவில்லை. மத்தியானம் அவள் ஊடு வந்து தட்டைப் பார்க்காமலேயே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துதான் எனக்கும் பசித்தது.

மற்றபடி எடப்பாடியில் உன் தம்பி நந்தகுமார் தறி இரண்டும் ஓடுகிறது, தீபாவளிக்கு உனக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறான். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மழை ஒருமாதிரி ஏமாற்றிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் கடலைக்கொடி வாடவில்லை.

சித்ரா, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளிடம் வேலையை விடு என்று சொல்லாதே. எப்படி முடுக்கினாய் என்று மட்டும் கேள், அரை மணி நேரம் சொல்லுவாள், புரியாவிட்டாலும் உம் கொட்டு. தன் தப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்து நாலு ஆம்பளைகள் நடுவில் வாய்விட்டுச் சொன்ன பிள்ளையை, நமக்குப் பயமாக இருக்கிறதென்று ஊட்டுக்குள் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் இரண்டாவது குழாயைக் கழற்றுகிறார்களாம், இந்தத் தடவை முதலாளியே இவளைத்தான் நிற்கச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் நான் பயப்படுவேன். பயந்துகொண்டே சோறு கட்டிக் கொடுத்து அனுப்பி வைப்பேன். நீயும் அங்கே அப்படியே பயந்துகொள்.

பிரசர் மாத்திரையை விட்டுவிடாதே, காலையில் மறந்தால் மத்தியானமாவது போடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. இரண்டு பேரும் தொட்டதெல்லாம் துலங்கி நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
இலக்கியாவின் அம்மாயி,
பழனியம்மாள்.